கடலில்லாத் துறைமுகங்களில் உறங்கும் கலைச்செல்வங்கள்

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை பாரிஸ் மாநகரின் லூவர் நூதனசாலையில் இடம்பெற்ற கொள்ளை உலகையே வியப்பிலும் அதிர்ச்சியிலும் ஆழ்த்தியது. வீட்டுத் தளபாடங்களை மேல்மாடிகளுக்கு ஏற்றப் பயன்படும் இயந்திர ஏணி பொருத்திய வாகனமொன்றில் வந்தவர்கள், பார்வையாளர்கள் உள்ளே நடமாடிக்கொண்டிருந்த வேளையிலேயே, சில நிமிடங்களுக்குள் பிரெஞ்சு அரச வம்சத்தினருக்குரிய எட்டு ஆபரணங்களை அபகரித்துச் சென்றனர். அவற்றின் பெறுமதி 88 மில்லியன் யூரோ என மதிப்பிடப்பட்டது. அதற்குச் சில தினங்களின் பின்னர், எஞ்சிய ஆபரணங்களில் ஒரு பகுதி பிரெஞ்சு மத்திய வங்கியின் நிலக்கீழ்ப் பெட்டகத்துக்கு மாற்றப்பட்டதாகச் செய்திகள் வெளியாகின.

இச்செய்தியை வாசித்த பலருக்கும் எழுந்திருக்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு. நூதனசாலையில் இருந்தால் களவு போகும், நிலவறையில் இருந்தால் களவு போகாது. ஆனால் எவர் கண்ணுக்கும் படாத ஒரு கலைப்பொருள் இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன என்பதே அக்கேள்வி. இது லூவர் நூதனசாலைக்கு மாத்திரம் உரிய கேள்வியன்று. உலகின் பெறுமதிமிக்க ஓவியங்கள், சிற்பங்கள், தொல்பொருட்கள், வைரங்கள், தங்கப் பாளங்கள் ஆகியவற்றுள் கணிசமானவை இன்று நூதனசாலைகளிலோ மாளிகைகளிலோ இல்லை. ஜெனீவா, லக்ஸம்பேர்க், சிங்கப்பூர் போன்ற இடங்களில் விமான நிலையங்களையும் புகையிரதப் பாதைகளையும் அண்டி எழுப்பப்பட்டுள்ள அதியுயர் பாதுகாப்புக் களஞ்சியங்களில் அவை பூட்டி வைக்கப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் 'பிரீபோர்ட்' என அழைக்கப்படும் இந்தத் தீர்வையற்ற களஞ்சியங்கள் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றால் யாருக்கு என்ன நன்மை, யாருக்கு என்ன இழப்பு என்பவற்றை அறிந்து வைத்திருப்பது எம்போன்ற நாடுகளின் மக்களுக்கு அவசியமானதாகும்.

கடலின்றி ஒரு துறைமுகம்

ஜெனீவா நகருக்கு ஏரியுண்டு, நதியுண்டு, கடல் இல்லை. எனினும் அங்கு 1888ஆம் ஆண்டு முதல் ஒரு 'தீர்வையற்ற துறைமுகம்' இயங்கி வருகின்றது. அக்காலத்தில் ஐரோப்பாவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் செல்லும் தானியம், மரம், நிலக்கரி போன்ற பண்டங்கள் வழியில் சில நாட்கள் தங்க வேண்டியிருந்தன. தங்கிச் செல்லும் பண்டத்துக்கு இறக்குமதித் தீர்வை அறவிடுவது நியாயமன்று. எனவே சுங்கத்தின் கண்காணிப்பில், தீர்வை செலுத்தாமல், தற்காலிகமாகப் பண்டங்களை வைத்துக்கொள்ள ஒரு வளாகம் ஒதுக்கப்பட்டது. கொழும்புத் துறைமுகத்தில் பொருட்களை இறக்கி, தீர்வை செலுத்தும் வரை சுங்கப் பிணைக் களஞ்சியத்தில் வைத்திருக்கும் எமது வர்த்தகர்களுக்கு இந்த ஏற்பாடு புதியதல்ல.

இங்கு கவனிக்கத்தக்க சொல் 'தற்காலிகம்' என்பதாகும். தானியத்தை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க எவரும் விரும்பார், அது பழுதாகிவிடும். ஆனால் ஓவியம் பழுதாவதில்லை. வைரமும் தங்கமும் பழுதாவதில்லை. நல்ல திராட்சை மதுவோ ஆண்டுகள் செல்லச் செல்ல விலையேறுவது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தகைய பொருட்கள் தானியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. சட்டம் மட்டும் மாறவில்லை. 'வழியில் தங்கும் பண்டம்' என்ற பெயரிலேயே ஓர் ஓவியம் பத்து ஆண்டுகளோ முப்பது ஆண்டுகளோ அங்கு தங்கியிருக்கலாம் என்ற நிலை உருவாயிற்று. பயணம் முடியாத வரை தீர்வையும் இல்லை, வரியும் இல்லை.

ஜெனீவாக் களஞ்சியத்தை நடத்தும் கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகள் ஜெனீவா மாநில அரசுக்கே உரியன. நகரின் லா பிராய் பகுதியிலும் விமான நிலையத்தை அண்டியும் அமைந்துள்ள அதன் கட்டடங்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் சதுர மீற்றர் ஆகும். அங்கே ஏறத்தாழ 12 இலட்சம் கலைப்படைப்புகள் இருக்கலாம் என 2013ஆம் ஆண்டளவில் மதிப்பிடப்பட்டது. ஓவியர் பிக்காசோவின் ஆக்கங்கள் மாத்திரம் ஏறத்தாழ ஆயிரம் அங்குள்ளன எனவும் அக்காலத்தில் கூறப்பட்டது. இம்மதிப்பீடுகளை எவராலும் உள்ளே சென்று எண்ணிச் சரிபார்க்க முடியாது என்பதே இவ்விடத்தின் இயல்பை விளக்கப் போதுமானது.

உள்ளே செல்பவர் காண்பது

உலகின் மிகப் பெரிய மறைமுகக் கலைக்கூடத்தைக் காணும் ஆவலுடன் லா பிராய் பகுதிக்குச் செல்லும் ஒருவர் ஏமாற்றமடையவே கூடும். உதைபந்தாட்ட அரங்கொன்றின் அயலில், தண்டவாளங்களுக்கு அருகே, அலங்காரமற்ற கட்டடங்கள் நிற்கின்றன. ஏதோ ஒரு சாதாரணப் பண்டகசாலை என்றே எண்ணத் தோன்றும். அந்தச் சாதாரணத் தோற்றமே அதன் முதலாவது பாதுகாப்பு எனலாம்.

உள்ளே நீண்ட நடைகூடங்கள். இரு மருங்கிலும் கதவுகள். கதவுகளில் இலக்கங்கள் உண்டு, பெயர்கள் இல்லை. கமராக்கள் எங்கும் நோக்கிக்கொண்டிருக்கும். முக்கியமான பகுதிகளின் வாயில்கள் உடலடையாளத்தைச் சரிபார்த்த பின்னரே திறக்கும். அறைகளின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 20 பாகை செல்சியஸை அண்டியும், ஈரப்பதன் 50 முதல் 55 சதவீதம் வரையிலும் பேணப்படும். ஈரம் கூடினால் கன்வஸ் துணியில் பூஞ்சணம் பிடிக்கும். குறைந்தால் மரப்பலகை வெடிக்கும், வர்ணம் உதிரும். இத்தகைய நவீன களஞ்சியங்களில் தீயை அணைக்கத் தண்ணீர் பயன்படுத்தப்படுவதில்லை. தீயிலிருந்து தப்பும் ஓவியம் தண்ணீரால் அழிந்துவிடும் என்பதால், அறையிலுள்ள ஒட்சிசனைக் குறைத்துத் தீயை அடக்கும் நைதரசன் போன்ற வாயுக்களே பயன்படுத்தப்படுகின்றன.

இது வெறும் பூட்டிய அறைகளின் தொகுதியுமன்று. அதே வளாகத்தினுள் சட்டம் பூட்டுவோர், பழுதடைந்த ஓவியங்களைச் சீர்செய்வோர், புகைப்படம் எடுப்போர், மதிப்பீட்டாளர்கள் ஆகியோர் தொழில் புரிகின்றனர். விற்பவரும் வாங்குபவரும் சந்திப்பதற்கெனக் காட்சி அறைகள் உள்ளன. மரப்பெட்டியிலிருந்து வெளியே எடுக்கப்படும் ஓவியம் நல்ல வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் சுவரில் தொங்கும். விலை பேசப்படும். பின்னர் அது மீண்டும் பெட்டிக்குள் செல்லும். உரிமையாளர் மாறியிருப்பார், ஓவியமோ ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாறியிருக்கும், அல்லது அதுவும் மாறாதிருக்கும்.

லக்ஸம்பேர்க் களஞ்சியம் 2014இலும், சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்தை அடுத்துள்ள களஞ்சியம் 2010இலும் திறக்கப்பட்டன. ஜெனீவாவைப் போலன்றி இவை கண்ணைக் கவரும் கட்டடங்களாக அமைக்கப்பட்டன. எனினும் உள்ளே நடைபெறும் தொழில் ஒன்றே.

நியாயமான தேவையும் உண்டு

இத்தகைய இடங்கள் அனைத்துமே தீமையின் கூடாரங்கள் எனக் கூறிவிடுவது பொருந்தாது. ஓவியங்களுக்கும் தொல்பொருட்களுக்கும் தீ, ஈரம், பூச்சி, கள்வர் ஆகிய நான்கு பகைவர்களும் எப்போதும் உள்ளனர். 2004ஆம் ஆண்டு மே 24ஆம் திகதி கிழக்கு லண்டனில் மொமார்ட் எனும் கம்பனியின் கலைப்பொருட் களஞ்சியம் தீக்கிரையானபோது, டேமியன் ஹேர்ஸ்ட், ட்ரேசி எமின் முதலிய பிரித்தானியக் கலைஞர்களின் நூற்றுக்கும் அதிகமான படைப்புகள் சாம்பராயின. அது ஒரு சாதாரணக் கைத்தொழில் வளாகத்தில் அமைந்திருந்தது. தீ அயற் பகுதியிலிருந்து பரவியது. எமது நாட்டிலும் 2012ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொழும்பு தேசிய நூதனசாலையிலிருந்து பண்டைய நாணயங்களும் வாள்களும் களவாடப்பட்டமை வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

உலகின் பெரும் நூதனசாலைகள் தம்மிடமுள்ளவற்றில் ஒரு சிறு பகுதியையே காட்சிக்கு வைக்கின்றன. எஞ்சியவை களஞ்சியத்திலேயே உள்ளன. நாடு விட்டு நாடு செல்லும் கண்காட்சிகளுக்கும், வீடு மாறுகின்ற சேகரிப்பாளருக்கும், வாரிசுரிமை வழக்கு முடியும் வரை காத்திருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பான இடம் தேவை. வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் நகைகளை வைக்கும் ஒருவரை நாம் குற்றவாளியாகக் கருதுவதில்லை. ஆகவே பூட்டு என்பது குற்றமன்று. பூட்டின் பின்னால் என்ன இருக்கின்றது, அது யாருடையது என்பதை எவருமே கேட்கக்கூடாது என்ற ஏற்பாடுதான் பிரச்சினைக்குரியது.

விற்கப்படுவது பாதுகாப்பு மட்டுமா?

ஏலத்தில் ஒரு கோடி பிராங் பெறுமதியான ஓவியமொன்றை ஒருவர் வாங்கி, அதைச் சுவிற்சர்லாந்தில் உள்ள தமது வீட்டுக்குக் கொண்டு சென்றால், 2024 முதல் நடைமுறையிலுள்ள 8.1 சதவீதப் பெறுமதி சேர் வரியாக எட்டு இலட்சத்துப் பத்தாயிரம் பிராங் செலுத்த நேரிடும். அதே ஓவியத்தைத் தீர்வையற்ற களஞ்சியத்துக்கு அனுப்பினால், அது அங்கிருக்கும் வரை அவ்வரி இல்லை. உள்ளேயே விற்றால் புதிய உரிமையாளருக்கும் அது பொருந்தும். என்றோ ஒருநாள் அது வெளியேறி ஏதாவதொரு நாட்டுக்குள் நுழையும்போதுதான் அந்நாட்டின் வரி எழும். வரி முற்றாக நீக்கப்படவில்லை, ஒத்திவைக்கப்படுகின்றது என்பதே களஞ்சியங்களை நடத்துவோரின் வாதம். ஆனால் முடிவின்றி ஒத்திவைக்கப்படும் வரிக்கும் விலக்களிக்கப்படும் வரிக்கும் நடைமுறையில் வேறுபாடு சொற்பமே.

வரியினும் பெறுமதி கூடியது மறைவு ஆகும். களஞ்சிய வளாகத்தில் அறைகளை வாடகைக்கு எடுப்போர் பெரும்பாலும் பொருட்களை ஏற்றியிறக்கும் கம்பனிகள். அவற்றிடமிருந்து உபவாடகைக்குப் பெறுவோர் வேறு சிலர். அவர்களுள் பலரும் பனாமா போன்ற நாடுகளில் பதிவு செய்யப்பட்ட, பெயரளவிலான கம்பனிகள். அக்கம்பனிகளின் பின்னால் இருப்பவர் எவர் என்பதை அறிய ஒன்றன்பின் ஒன்றாகப் பல திரைகளை விலக்க வேண்டியிருந்தது. 2014ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் கூட்டாட்சிக் கணக்காய்வு அலுவலகமே இக்களஞ்சியங்கள் மீதான கண்காணிப்பின் குறைபாடுகளைச் சுட்டிக்காட்டியது.

இதற்குத் தக்க உதாரணம் மொடிக்லியானி 1918ஆம் ஆண்டில் வரைந்த, கைத்தடியுடன் அமர்ந்திருக்கும் மனிதனின் ஓவியம் ஆகும். பாரிஸில் வாழ்ந்த ஒஸ்கார் ஸ்டெட்டினர் என்ற யூதக் கலை வர்த்தகர் நாஸிகளுக்கு அஞ்சி 1939இல் நகரை விட்டு வெளியேறினார். அவர் விட்டுச் சென்றவை பின்னர் ஆக்கிரமிப்பாளர்களின் ஏற்பாட்டில் விற்கப்பட்டன. இவ்வோவியம் அவற்றுள் ஒன்றெனக் கூறி, அவருடைய வாரிசு நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தார். ஓவியத்தை 1996இல் லண்டன் ஏலத்தில் வாங்கியது பனாமாவில் பதிவான ஒரு கம்பனி. கலை வர்த்தகத்தில் பெயர் பெற்ற ஒரு குடும்பத்துக்கும் அக்கம்பனிக்கும் என்ன தொடர்பு என்பதே ஆண்டுக்கணக்கில் சர்ச்சைக்குரியதாயிருந்தது. 2016 ஏப்ரலில் 'பனாமா ஆவணங்கள்' கசிந்தபோதே அக்கம்பனி அக்குடும்பத்தின் கட்டுப்பாட்டில் உள்ளமை அம்பலமாயிற்று. சில நாட்களில் ஜெனீவா வழக்குத்தொடுநர்கள் களஞ்சியத்திலிருந்த ஓவியத்தை முடக்கினர். ஸ்டெட்டினருக்கு உரியதாயிருந்தது இதே ஓவியந்தான் என்பதை அக்குடும்பத்தினர் மறுத்தே வந்தனர். அந்த உரிமைப் பிணக்கு எவ்வாறாயினும், இங்கு நோக்க வேண்டியது வேறு. களவு போன பொருளைத் தேடுபவருக்கு, அதை யாரிடம் கேட்பது என்பதே தெரியாதிருந்தது. எதிராளியின் பெயரில்லாத வழக்கை எந்த நீதிமன்றில் தாக்கல் செய்வது?

மண்ணிலிருந்து பெட்டகத்துக்கு

ஓவியங்களுக்காவது வரைந்தவர் பெயரும் விற்பனை வரலாறும் உண்டு. மண்ணிலிருந்து திருட்டுத்தனமாகத் தோண்டியெடுக்கப்படும் தொல்பொருளுக்கு அதுவும் இல்லை. தோண்டியவரைத் தவிர வேறெவரும் அதைக் கண்டதில்லை. அத்தகைய பொருளைச் சில ஆண்டுகள் கண்காணாத இடத்தில் வைத்துவிட்டால், பின்னர் 'பழைய தனியார் சேகரிப்பு' என்ற புதிய பிறப்புச் சான்றிதழுடன் சந்தைக்குக் கொண்டுவர முடியும். நீண்ட காலம் தங்குவதற்கு அனுமதிக்கும் களஞ்சியங்கள் இதற்கு வாய்ப்பாயின.

1995ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இத்தாலிய, சுவிஸ் பொலிஸார் ஜெனீவாக் களஞ்சியத்தில் ஜியாகோமோ மெடிச்சி என்ற இத்தாலிய வர்த்தகர் பயன்படுத்திய அறைகளைச் சோதனையிட்டனர். ஆயிரக்கணக்கான தொல்பொருட்கள் அங்கிருந்தன. அவற்றினும் முக்கியமானவையாக ஆயிரக்கணக்கான போலரொயிட் புகைப்படங்கள் சிக்கின. மண் ஒட்டியபடி உடைந்து கிடக்கும் பானை, ஒட்டிச் சீர்செய்யப்பட்ட பானை, உலகப் புகழ்பெற்ற நூதனசாலையின் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் அதே பானை எனக் களவின் முழு வரலாறும் படங்களாக அங்கிருந்தது. கள்வர்களே தமக்கெதிரான சாட்சியத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தனர். 2004இல் உரோமாபுரி நீதிமன்றினால் மெடிச்சி குற்றவாளியாகக் காணப்பட்டார். நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலை 1972இல் பத்து இலட்சம் டொலருக்கு வாங்கியிருந்த, கிரேக்கக் கலைஞன் யூப்ரோனியஸ் வரைந்த புகழ்பெற்ற கலசம் 2008இல் இத்தாலிக்குத் திரும்பியது.

2003ஆம் ஆண்டில் இரு மம்மிகள் உட்பட ஏறத்தாழ 200 எகிப்தியத் தொல்பொருட்கள் அதே களஞ்சியத்தில் கைப்பற்றப்பட்டு எகிப்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. 2016 ஜனவரியில் பிரித்தானிய வர்த்தகர் ஒருவருடன் தொடர்புபட்ட 45 பெட்டிகள் இத்தாலியிடம் கையளிக்கப்பட்டன. உருவங்கள் செதுக்கப்பட்ட இரு எத்ருஸ்கன் கல்லறைப் பேழைகளும் அவற்றுள் அடங்கும். அவை ஒன்றரைத் தசாப்தத்துக்கும் மேலாக அங்கே கேட்பாரற்றுக் கிடந்தன.

அதே ஆண்டு டிசம்பரில் வெளியான செய்தி முஸ்லிம் உலகின் கவனத்தையும் ஈர்த்தது. சிரியாவின் பல்மைராவைச் சேர்ந்த மூன்று, யேமனைச் சேர்ந்த ஐந்து, லிபியாவைச் சேர்ந்த ஒன்று என ஒன்பது தொல்பொருட்களை ஜெனீவா அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். அரபு மக்கள் தத்மூர் என அழைக்கும் பல்மைராவை 2015இல் ஐ.எஸ். அமைப்பினர் வெடிவைத்துத் தகர்த்த காட்சிகள் அப்போது அனைவர் மனதிலும் பசுமையாக இருந்தன. ஆனால் இப்பொருட்கள் 2009, 2010 காலப்பகுதியில், அதாவது அந்நாடுகளின் யுத்தங்கள் வெடிப்பதற்கு முன்னரே, கட்டார் வழியாக ஜெனீவாவை அடைந்திருந்தன. குண்டுகள் விழும்போது மாத்திரமே மரபுரிமை அழிகின்றது என எண்ணுவது தவறு. அமைதி நிலவும் காலத்திலும், தொலைக்காட்சிக் கமராக்கள் எட்டிப் பார்க்காத வேளையிலும், அது பெட்டி பெட்டியாக வெளியேறிக்கொண்டே இருக்கின்றது.

திறந்தது பதிவேடு

இத்தொடர் வெட்கங்களின் பின்னர் சட்டங்கள் மெல்ல மாறின. கலாசாரச் சொத்துக்களின் சட்டவிரோதக் கடத்தலைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையைச் சுவிற்சர்லாந்து 2003இலேயே ஏற்றது. 2005 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், கலாசாரப் பொருளொன்றைத் தீர்வையற்ற களஞ்சியத்தில் வைப்பதும் இறக்குமதியாகவே கொள்ளப்படும் என்றது. 2009 முதல் களஞ்சியத்திலுள்ள முக்கிய பொருட்களுக்குப் பொருட்பதிவேடு பேண வேண்டியதாயிற்று. 2016 முதல் விதிகள் மேலும் இறுகின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 முதல், பத்தாயிரம் யூரோவுக்கு மேற்பட்ட கலைப்பொருள் கொடுக்கல் வாங்கல்களில் வாடிக்கையாளர் எவரென உறுதி செய்யும் கடப்பாடு களஞ்சியங்கள் மீதும் சுமத்தப்பட்டது. தீர்வையற்ற களஞ்சியங்களைப் படிப்படியாக மூடிவிட வேண்டுமென ஐரோப்பியப் பாராளுமன்றம் 2019 மார்ச்சில் கோரியது, அது நிறைவேறவில்லை.

இவ்விதிகளின் பயன் என்ன? 2010ஆம் ஆண்டில் ஜெனீவாக் களஞ்சியத்தில் பொருட்பதிவேட்டைச் சரிபார்த்த சுங்க அதிகாரிகளின் கண்ணில் ஒரு பளிங்குக் கல்லறைப் பேழை பட்டது. கிரேக்கப் புராண வீரன் ஹெர்க்குலிஸின் பன்னிரு அருஞ்செயல்களும் செதுக்கப்பட்ட, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, துருக்கியின் அந்தாலியாப் பிரதேசத்திலிருந்து கடத்தப்பட்டது எனத் தெரியவந்தது. நீண்ட சட்டப் போராட்டத்தின் பின்னர் 2017இல் அது தாயகம் திரும்பியது. அதைக் கண்டுபிடித்தது துப்பாக்கியேந்திய பொலிஸ் படையன்று. இலக்கமிட்ட ஒரு பட்டியலும் அதைப் பொறுமையுடன் வாசித்த ஓர் அதிகாரியுமே.

மறைவின் விலையும் முன்போலில்லை. ஏறத்தாழ பத்துக் கோடி சிங்கப்பூர் டொலர் செலவில் கட்டப்பட்டதாகக் கூறப்படும் சிங்கப்பூர்க் களஞ்சியம் 2022இல் நான்கு கோடி சிங்கப்பூர் டொலருக்குக் கைமாறியது.

எமக்குரிய பாடம்

இவையெல்லாம் செல்வந்த நாடுகளின் விவகாரம், எமக்கென்ன என வாசகர் கேட்கக்கூடும். தமிழகத்தின் அரியலூர் மாவட்டத்திலுள்ள ஸ்ரீபுரந்தான் ஆலயத்தின் சோழர் கால நடராஜர் சிலை இதற்குப் பதில் கூறும். களவாடப்பட்ட அச்சிலையை அவுஸ்திரேலியத் தேசிய கலைக்கூடம் 2008இல் 50 இலட்சம் அமெரிக்க டொலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயோர்க்கைச் சேர்ந்த சுபாஷ் கபூர். 2011இல் அவர் ஜேர்மனியில் கைது செய்யப்பட்ட பின்னர், நியூயோர்க் களஞ்சியங்களில் அவர் குவித்து வைத்திருந்த பொருட்களை அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றினர். கைப்பற்றப்பட்டவை மொத்தம் 2,500க்கும் அதிகம். 2014இல் நடராஜர் திரும்பினார். 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இத்தகைய வழக்குகளில் சிலைகளை அடையாளங்காண உதவியவை, பல தசாப்தங்களுக்கு முன்னர் கிராமத்துக் கோயில்களுக்குச் சென்று எடுக்கப்பட்டு, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பேணப்பட்ட கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களாகும். அன்று எவரோ ஒருவர் வெயிலில் நின்று எடுத்த படம், நீதிமன்றங்களில் பேசியது.

பொருட்களை மறைத்து வைப்பது எமது முன்னோர்களுக்கும் தெரிந்திருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தைத் தகர்த்தபோது, மண்ணுள் புதைத்து மறைக்கப்பட்ட செப்புத் திருமேனிகள் சில 1950இல் கிணறு தோண்டும்போது வெளிப்பட்டன. அவை மீண்டும் வழிபாட்டுக்கு வந்தன. அழிப்பவரிடமிருந்து காத்து, ஒருநாள் மக்களிடமே திரும்ப வேண்டும் என்பதற்காக மறைப்பது ஒன்று. மக்களிடமிருந்தே மறைத்து, விலையேறும் வரை காத்திருப்பது மற்றொன்று. இரண்டுக்கும் பெயர் 'பாதுகாப்பு' என்றிருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து அள்ளிச் சென்ற பீரங்கி உட்பட ஆறு பொருட்கள் 2023இல் நெதர்லாந்திலிருந்து இலங்கைக்குத் திரும்பின. அவை ஒரு பொது நூதனசாலையில் இருந்தன, பதிவேட்டில் இருந்தன, எங்கிருந்து வந்தன என்பதை அந்நாட்டு ஆய்வாளர்களே ஆராய்ந்து எழுதினர். ஆகவே கேட்க முடிந்தது, பெற முடிந்தது. அப்பீரங்கி பெயரற்ற கம்பனி ஒன்றின் இலக்கமிட்ட அறையில் இருந்திருப்பின், அது இருப்பதையே நாம் அறிந்திருக்க மாட்டோம்.

இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் உண்டு. அனுமதியின்றித் தொல்பொருட்களை ஏற்றுமதி செய்வது குற்றமாகும். ஆனால் இன்னது காணாமற் போயிற்று என நிரூபிக்க முடியாதவருக்குச் சட்டம் என்ன செய்ய இயலும்? வடக்கிலும் கிழக்கிலும் மூன்று தசாப்த யுத்தத்தின்போது இடம்பெயர்ந்த மக்கள் பூட்டிவிட்டுச் சென்ற கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் எவையெவை இருந்தன என்பதற்கு எத்தனை இடங்களில் பட்டியல் உண்டு? எமது கோயில்களின் செப்புத் திருமேனிகளுக்கும் வாகனங்களுக்கும், ஏட்டுச்சுவடிகளுக்கும், பள்ளிவாசல்களிலும் மத்ரசாக்களிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் எஞ்சியிருக்கும் அரபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளுக்கும், பழைய கல்வெட்டுகளுக்கும் மீஸான் கற்களுக்கும் புகைப்படத்துடன் கூடிய பதிவேடு எத்தனை ஊர்களில் இருக்கின்றது?

இதற்குப் பல கோடி ரூபா தேவையில்லை. ஒவ்வொரு கையிலும் கமராவுடன் கூடிய தொலைபேசி உள்ளது. ஆலய பரிபாலன சபையும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையும் ஒரு வார இறுதியை ஒதுக்கினால் போதும். ஒவ்வொரு பொருளையும் முன்புறமும் பின்புறமும் அடிப்பாகமும் தெரியப் படமெடுத்து, உயரம், அகலம், நிறை ஆகியவற்றை அளந்து, வெடிப்பு, தழும்பு, எழுத்து எதுவாயினும் குறித்து, ஒரு பிரதியை ஊரிலும் மற்றொரு பிரதியை ஊருக்கு வெளியே நம்பிக்கையான ஓரிடத்திலும் வைக்க வேண்டும். இவ்விபரங்களை எல்லோரும் காண இணையத்தில் இடுவது கள்வருக்கு வழிகாட்டுவதாகவும் அமையலாம் என்பதால், அதில் நிதானம் அவசியம். பல்கலைக்கழகங்களின் வரலாறு, தொல்லியல், இஸ்லாமிய கற்கைத் துறைகளின் மாணவர்கள் இப்பணியில் கைகொடுக்க முன்வர வேண்டும்.

ஜெனீவாவின் கனத்த கதவுகளை எம்மால் திறக்க முடியாது. ஆனால் அக்கதவுகளின் பின்னால் என்றோ ஒருநாள் எமது ஊர்ப் பொருளொன்று கண்டெடுக்கப்படுமாயின், இது எங்களுடையது என்று கூறுவதற்கு எம்மிடம் ஒரு படமும் ஒரு பட்டியலும் இருக்க வேண்டும். அதை இன்றே தயாரித்து வைப்பது எமது கைகளிலேயே உள்ளது.